பாட்டிலில் ஈ நிறைகிறது, பழத்தில் புழு குறையவில்லை: பக்கத்துத் தோட்டத்துப் பலாதான் காரணமா?

சுங்கைபாக்காப்_கொய்யா
6 ஜூலை, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து விதையில்லாக் கொய்யா போட்டிருக்கிறேன். 280 மரம், இது மூன்றாவது வருடம். முதல் காய்ப்பு நன்றாக இருந்தது. இரண்டாவது காய்ப்பிலிருந்து பழ ஈ பிடித்துக்கொண்டது. வெளியே பார்த்தால் பழம் பளிச்சென்று இருக்கிறது. குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி, அதைச் சுற்றி லேசான தொய்வு, அவ்வளவுதான். அறுத்தால் உள்ளே சதை கரைந்து வெள்ளைப் புழு நெளிகிறது. போன வாரம் என் மகள் சமையலறை மேசையில் ஒரு பழத்தை நறுக்கினாள். ஒரு புழு உடம்பை வளையமாக மடக்கி, ஒரு சாண் தூரம் எம்பிக் குதித்தது. அன்றிலிருந்து பிள்ளை கொய்யாவைத் தொடுவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மினரல் வாட்டர் பாட்டிலில் ஓட்டை போட்டு, ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினாலும் கொல்லும் மருந்தும் நனைத்த பஞ்சு வைத்து, தோட்டத்துக்குள் 24 பாட்டில் கட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறை திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி ஈ. இவ்வளவு செத்தும் பழத்தில் புழு குறையவில்லை.

வடக்குப் பக்கம் ஒரு பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவர்) பலாவும் அதே இனத்துச் செம்பெடாக்கும், மொத்தம் 15 மரம். பழம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே அழுகும். தெற்கே ஒரு தவுக்கே (சீன முதலாளி) வெள்ளரியும் பாவக்காயும் போடுகிறார். முன்னால் சாலையோரம் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரம் மூன்று. ஈ அந்தப் பலாவிலிருந்துதான் வருகிறது என்பது என் முடிவு. பாக்சிக்கிடம் போய் வேலியோர மரங்களையாவது வெட்டச் சொன்னேன். வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. இப்போது எதிரில் பார்த்தாலும் முகம் கொடுப்பதில்லை.

பாட்டிலை 50 ஆக்கலாமா? இல்லை, அந்த மரங்களை வெட்டவைக்க வேறு வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஜூரு_மாங்கா
6 ஜூலை, இரவு 10:05

அண்ணே, எங்கள் வீட்டு மாமரத்திலும் இதே கதைதான். பாட்டில் கட்டினால் நிறைகிறது, பழமும் கெடுகிறது. பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன்.


வால்டோர்_பெரியவர்
7 ஜூலை, காலை 6:20

தம்பி, மரம் வெட்டுவது இருக்கட்டும். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு மூன்று பாட்டிலைத் திறந்து, செத்த ஈயை வெள்ளைத் தாளில் கொட்டி, இறக்கையைப் பாருங்கள். வாசிக்கப் போடும் கண்ணாடியே போதும்.

இறக்கை கண்ணாடி மாதிரித் தெளிவாக, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? அது ஒரு வகை. இறக்கைக்குக் குறுக்கே பழுப்பாக மூன்று பட்டை இறங்குகிறதா? அது வேறு வகை. இரண்டையும் பிரித்து எண்ணிச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

24 பாட்டிலையும் தோட்டத்துக்கு உள்ளேயா கட்டியிருக்கிறீர்கள்? எந்த இடத்தில்? அதையும் சொல்லுங்கள்.


மின்டன்_மாணவி
7 ஜூலை, காலை 8:47

பெரியவர் ஏன் இறக்கையைப் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன். நான் பூச்சியியல் படிக்கிறேன்.

மெத்தில் யூஜினால் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். பழத்தில் முட்டையிடுவது பெண். அண்ணன் பாட்டிலில் ஒரு பெண் ஈகூட விழுந்திருக்காது. ஆண் குறைந்தால் பெண் முட்டையிட முடியாதே என்று கேட்பீர்கள். ஒரு ஆண் பல பெண்ணோடு சேரும். பாதி ஆண் செத்தாலும் மிச்சப் பாதி எல்லாப் பெண்ணையும் கருக்கொள்ள வைத்துவிடும். 100-க்கு 99-க்கு மேல் ஆண் ஒழிந்தால்தான் பலன் தெரியும். பசிபிக்கில் ரோட்டா என்ற சின்னத் தீவில் 1960-களில் இப்படியே ஆணை ஒழித்துக் கீழை நாட்டுப் பழ ஈயை அடியோடு அழித்தார்கள். ஆனால் விமானத்திலிருந்து தீவு முழுவதும் மருந்துத் துண்டு போட்டார்கள், சுற்றிக் கடல் வேறு. இரண்டு ஏக்கருக்கு அந்தக் கணக்கு வராது. வேலிக்கு வெளியே இருக்கும் ஆணையும் நம் பாட்டில்தான் கூப்பிடுகிறது.

இன்னொன்று, ஒரே மருந்துக்குப் பல இன ஈ வரும். கொய்யாவைக் குத்துவது பெரும்பாலும் கீழை நாட்டுப் பழ ஈயும், பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஈ என்று சொல்லும் இன்னொரு இனமும். இரண்டுக்கும் இறக்கை தெளிவு. பட்டை இறக்கை ஈ பலா, செம்பெடாக், ஈரப்பலா என்று பலாக் குடும்பத்தோடு நிற்கும். அதற்குக் கொய்யா வேண்டாம். ஆனால் அதன் ஆணும் மெத்தில் யூஜினாலுக்கு ஓடி வரும்.


பாவக்காய்_அக்கா
7 ஜூலை, பகல் 1:15

நான் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பாவக்காய், வெள்ளரி, பீர்க்கை போடுகிறேன். முதல் வருடம் மெத்தில் யூஜினால் பாட்டில் வாங்கிக் கட்டி ஏமாந்தவள் நான். பாட்டில் நிறைந்தது, பாவக்காய் எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகிச் சுருண்டது. பூசணிக் குடும்பத்தைக் குத்தும் ஈ மெத்தில் யூஜினாலுக்கு வராது, அதற்குக் கியூ லூர் என்று தனி மருந்து என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். மிளகாயைக் குத்தும் ஈ இந்த இரண்டுக்குமே அசையாது. பிடிக்கும் மருந்தை வைத்துப் பயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தால் காசுதான் போகும்.

அதனால் தெற்குப் பக்கத் தவுக்கேமீதும் சந்தேகப்பட வேண்டாம் தம்பி. அவர் பாவக்காயில் இருக்கும் ஈ பொதுவாக உங்கள் கொய்யாவைத் தேடி வராது. உங்களுடையதும் அவரிடம் போகாது.


சுங்கைபாக்காப்_கொய்யா
8 ஜூலை, இரவு 8:30

அக்காவுக்கும் மாணவிக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி செய்தேன்.

மூன்று பாட்டில் ஈயை நாளிதழில் பரப்பி, கண்ணில் பட்ட வரிசையில் 100 எடுத்து எண்ணினேன். மகளும் கூட உட்கார்ந்தாள். பட்டை இறக்கை 61. தெளிந்த இறக்கை 39. வேலிக்கு ஒட்டிய பாட்டில்களில் பட்டை இறக்கைதான் கூடுதல்.

பாட்டில் எல்லாம் தோட்டத்துக்கு உள்ளே, மரத்துக்கு மரம் தள்ளிக் கட்டியிருக்கிறேன். கம்பியில் கிரீஸ் தடவாததால் இரண்டு பாட்டிலில் எறும்பு ஈயைத் தின்று வெறும் சிறகுதான் மிச்சம். இத்தனை நாள் அந்தப் பக்கம் ஈ குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் பாக்சிக்கின் ஈ என் பழத்தைத் தொடவே இல்லையா?


வால்டோர்_பெரியவர்
9 ஜூலை, காலை 6:45

அந்த 61-க்கும் உங்கள் பழத்துக்கும் சம்பந்தம் இல்லை தம்பி. அவற்றைக் கொன்றதில் உங்களுக்கு லாபமும் இல்லை. மருந்துக்குக் கொடுத்த காசில் பாதி பாக்சிக்கின் செம்பெடாக்குக்குக் காவல் காத்திருக்கிறது.

கேள்வி மிச்சம் 39 எங்கே பிறந்தது என்பதுதான். நான் பழத்தோட்டங்களில் கண்காணிப்பு வேலை பார்த்த காலத்தில் இதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தோம், அதைச் சொல்கிறேன்.

உங்கள் கொய்யாவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு 200 அடி நடங்கள். கீழே விழுந்து கிடக்கும் பழம் எதுவானாலும் வகைக்கு ஒரு கிலோ பொறுக்குங்கள். கெத்தாப்பாங் காய், பலாப் பிஞ்சு, ஜம்பு ஆயேர் (நீர் ஜம்பு), சிக்கு (சப்போட்டா), பெலிம்பிங், மாங்காய், எதையும் விடவேண்டாம். வகைக்கு ஒரு வாளி. அடியில் மூன்று விரல் உயரம் ஈரம் குறைந்த மணல், மேலே பழம், வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். வாளியில் எந்தப் பழம், எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள்.

புழு ஒரு வாரம் பத்து நாளில் முற்றிப் பழத்தைவிட்டு இறங்கி மணலுக்குள் போகும். அங்கே கோதுமை மணி மாதிரி பழுப்பாகக் கூடு ஆகும். மேலும் ஒன்பது பத்து நாளில் ஈ வெளியே வரும். மூன்று வாரத்தில் எந்த வாளியில் எந்த இறக்கை என்று தெரிந்துவிடும். அதுவரை யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

நடுவில் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மரத்தின் கீழ் விழுந்த பழத்தைத் தினம் பொறுக்குங்கள். வாரம் ஒரு முறை போதாது. புழு மண்ணுக்குள் இறங்கிய பிறகு வெறும் பழத்தைப் பொறுக்கிப் பயன் இல்லை. பொறுக்கியதைக் குப்பைக் குழியில் கொட்டினால் அங்கேயே ஈயாகும். தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிச்சிட்டு, வெயிலில் இரண்டு வாரம் கிடத்துங்கள். சூட்டில் புழு செத்துவிடும். புதைப்பதாக இருந்தால் இரண்டு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும்.


பாலிக்புலாவ்_ஜாதிக்காய்
9 ஜூலை, காலை 11:02

நல்ல விவாதம். எங்கள் பக்கம் மலைச்சரிவில் டுரியானும் மங்குஸ்தீனும்தான், அதனால் பழ ஈ தலைவலி குறைவு. டுரியானுக்கு எதிரி வேறு. ஓடு உடையாத மங்குஸ்தீனில் ஈயால் முட்டையிட முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜம்பு ஆயேர் வருடாவருடம் முழுக்கப் புழு.

ஒரு கேள்வி. கிராம்பு எண்ணெயை வைத்து ஈ பிடிக்கலாம் என்று இங்கே ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?


மின்டன்_மாணவி
9 ஜூலை, பகல் 12:30

வாங்க வேண்டாம். கிராம்பில் இருப்பது யூஜினால். ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால். பெயர் ஒட்டினாற்போல இருந்தாலும் ஈக்கு இரண்டும் ஒன்றல்ல.

மெத்தில் யூஜினாலை வீட்டிலேயே பார்க்க ஆசைப்பட்டால் துளசியைப் பாருங்கள். எங்கள் பாட்டி வீட்டுத் துளசி மாடத்தில் காலை எட்டு மணி வாக்கில் நான் நின்று எண்ணியிருக்கிறேன். இலையை லேசாகக் கசக்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஆண் ஈக்கள் வந்து, வாயை இலையில் ஒட்டி நக்கிக்கொண்டே இருக்கும். விரலை நீட்டினாலும் நகராது. குளவி என்றுதான் பாட்டி நினைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வரியும் மெல்லிய இடுப்பும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

அப்படி நக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் ஈ அந்த வாசனையைத் தின்று உடம்புக்குள் மாற்றி, பெண்ணைக் கூப்பிடும் மணமாக வைத்துக்கொள்கிறது. இங்கே பினாங்கில் யூ.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் கெங் ஹோங், ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடா இருவரும் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். மெத்தில் யூஜினால் தின்ற ஆணைப் பல்லிகூட விரும்பித் தின்பதில்லை என்று கண்டார்கள். நம் காட்டு ஆர்க்கிட் சிலவும் இதே மணத்தைக் காட்டி ஈயை வரவழைத்து மகரந்தம் சுமக்க வைக்கின்றன.


கேஎல்_செத்தாபாக்
9 ஜூலை, இரவு 7:55

அப்படியானால் தோட்டத்தைச் சுற்றித் துளசி நட்டால் போதாதா?


மின்டன்_மாணவி
9 ஜூலை, இரவு 8:20

போதாது. வருவது ஆண் மட்டும், தின்றுவிட்டுத் தெம்பாகத் திரும்பிப் போகும். கொல்லும் ஏற்பாடு இல்லாத துளசி ஈக்கு விருந்துதான்.


ஜூரு_மாங்கா
10 ஜூலை, காலை 9:10

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து நாளுக்கு ஒரு முறை மரம் முழுக்க மருந்து அடிக்கிறார். பழம் சுத்தமாக இருக்கிறது என்கிறார். அது நேரான வழி இல்லையா?


வால்டோர்_பெரியவர்
10 ஜூலை, காலை 10:00

இல்லை தம்பி. முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூடு மண்ணுக்குள். மேலே அடிக்கும் மருந்து இந்த மூன்றையும் தொடாது. பறக்கும் ஈ மட்டும் சாகும், மறுநாள் வேலிக்கு வெளியிலிருந்து வேறு வரும். பறிப்பதற்கு முன் உள்ளே ஏறும் மருந்தை அடித்துப் பழத்தைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அதைத் தின்பது பிள்ளைகள். நான் அதற்கு உடன்படமாட்டேன்.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பழ ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் பொடிக் குளவி ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1940-களின் கடைசியில் ஹவாய்க்காரர்கள் மலாயாப் பக்கமிருந்து கொண்டுபோன ஒட்டுண்ணிகளில் இதுவும் ஒன்று. அங்கே அது நிலைத்துப் பழ ஈயை நன்றாகக் குறைத்தது. மரம் முழுக்க அடிக்கிறவர் முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான்.

மருந்து வேண்டுமானால் தீனியோடு கொடுங்கள். பெண் ஈ கூட்டைவிட்டு வந்ததும் முட்டையிடாது. வயிற்றில் முட்டை முற்ற எட்டு, பத்து நாள் ஆகும், அதற்குப் புரதம் வேண்டும். அந்தப் பசிதான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த புரதக் கரைசலில் ஸ்பினோசாட் மாதிரி மருந்து சிறிதளவு கலந்து, இலைக்கு அடிப்பக்கம், மரத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் தெளிக்க வேண்டும். பழத்தில் படக்கூடாது. காலையில், வாரம் ஒரு முறை. மழை பெய்து கழுவிவிட்டால் திரும்பவும் தெளிக்க வேண்டும், பினாங்கில் அது அடிக்கடி நடக்கும். அளவுக்கு டப்பாவின் மேல் சீட்டில் உள்ளதை மீற வேண்டாம்.

எங்கே தெளிப்பது என்பது முக்கியம். ஈ பகல் முழுக்கப் பழ மரத்திலேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஓரத்துப் புதரில் நிழலுக்கு ஒதுங்கி, முட்டையிட மட்டும் உள்ளே வரும். அதனால் வேலியோர மரங்களை விடாமல் தெளியுங்கள்.


பாவக்காய்_அக்கா
10 ஜூலை, பகல் 2:40

பெரியவர் சொல்வது என் தோட்டத்தில் கண்ணால் கண்டது. பாவக்காய்ப் பந்தலைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் போட்டேன். பகலில் சோள இலையைத் திருப்பினால் அடியில் ஈ உட்கார்ந்திருக்கும், பந்தலுக்குள் அவ்வளவு இருக்காது. புரதத் தீனியைச் சோளத்துக்கு மட்டும் தெளிக்கிறேன். பாவக்காய்ப் பூவுக்கு வரும் தேனீக்கும் தொந்தரவு இல்லை.


சுங்கைபாக்காப்_கொய்யா
10 ஜூலை, இரவு 9:00

வாளி எல்லாம் வைத்துவிட்டேன். மொத்தம் ஆறு. பாக்சிக்கின் பழத்தைக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. அவர் மகனிடம் சொல்லி இரண்டு செம்பெடாக் பிஞ்சு வாங்கி வந்தேன். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.


பாலிக்புலாவ்_ஜாதிக்காய்
12 ஜூலை, காலை 7:30

காத்திருக்கும் நேரத்தில் ஒன்று. கெரெங்கா எறும்பு, நம் ஊரில் முசுறு என்போமே, அது கூடு கட்டிய மரத்தில் ஈ குறைவாகத்தான் உட்காரும். என் தாத்தா ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டி எறும்பைக் கடத்துவார். கொய்யாவில் யாராவது வைத்துப் பார்த்ததுண்டா?


வால்டோர்_பெரியவர்
12 ஜூலை, காலை 8:15

பலன் உண்டு. எறும்பு ஓடும் பழத்தில் ஈ நிம்மதியாக உட்கார்ந்து முட்டையிட முடியாது. ஆனால் பை கட்டும் தோட்டத்துக்கு ஆகாது. பை கட்டுகிற ஆளின் கழுத்தில் இறங்கிவிட்டால் மறுநாள் அவர் வேலைக்கு வரமாட்டார். மாமரம், பெரிய ஜம்பு மாதிரி கைக்கு எட்டாத மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.


சுங்கைபாக்காப்_கொய்யா
1 ஆகஸ்ட், இரவு 9:25

வாளிகளைத் திறந்துவிட்டேன். மனம் கொஞ்சம் கனமாக இருக்கிறது, இருந்தாலும் உள்ளதை எழுதுகிறேன்.

செம்பெடாக் வாளியில் வந்த ஈ அத்தனையும் பட்டை இறக்கை. தெளிந்த இறக்கை ஒன்றுகூட இல்லை.

கெத்தாப்பாங் வாளியில் எல்லாம் தெளிந்த இறக்கை, 44 ஈ. அந்தக் காயில் இவ்வளவு மெல்லிய சதைக்குள் இத்தனை புழு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தினமும் அந்த நிழலில்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன்.

சிக்கு வாளியில் 9. மாங்காயில் ஒன்றும் இல்லை.

மிச்சம் இரண்டு வாளி என் சொந்த நிலத்தில் எடுத்தது. குடிசைக்குப் பின்னால் பழைய பெலிம்பிங் மரம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஓரம் ஜம்பு ஆயேர் ஒன்று. குத்தகைக்கு எடுக்கும்போதே இருந்தவை. விற்பனைக்கு இல்லை என்பதால் நான் அவற்றைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது, கீழே பழம் ஒரு படுக்கை மாதிரி கிடக்கும். பெலிம்பிங் வாளியில் 130-க்கு மேல் எண்ணி நிறுத்திவிட்டேன். ஜம்பு வாளியில் 97. எல்லாம் தெளிந்த இறக்கை.

என் கொய்யாவைக் கெடுத்தது என் பெலிம்பிங். நான் போய் மரத்தை வெட்டச் சொன்னது அந்த மனிதரிடம்.


பாவக்காய்_அக்கா
1 ஆகஸ்ட், இரவு 9:50

தம்பி, மனம் விடாதீர்கள். உள்ளதை எண்ணிப் பார்த்து எழுதினீர்களே, அது பெரிய காரியம். போய் பாக்சிக்கிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நாளைக்கே போங்கள், நாள் கடத்த வேண்டாம்.


ஜூரு_மாங்கா
1 ஆகஸ்ட், இரவு 10:30

அந்த இரண்டு மரத்தையும் கெத்தாப்பாங்கையும் வெட்டிவிட்டால் தீர்ந்ததா?


வால்டோர்_பெரியவர்
2 ஆகஸ்ட், காலை 6:30

கெத்தாப்பாங் சாலையோர மரம், அது நம்முடையது இல்லை. தொடக்கூடாது. மூன்று மரத்தின் கீழே கூட்டி எடுக்கலாம், அதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

பெலிம்பிங்கும் ஜம்புவும் உங்கள் விருப்பம், நிலச் சொந்தக்காரரையும் கேட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ஜம்புவைத் தலை உயரத்துக்குக் கவாத்து செய்து, பூவோடு உதிர்த்துவிடுவேன். பெலிம்பிங் வருடம் முழுக்கக் காய்க்கும். வீட்டுக்கு வேண்டிய 20, 30 காய்க்குப் பை கட்டி, மிச்சத்தைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடலாம். முடியாது என்றால் வெட்டுங்கள்.

ஆனால் ஒன்று. இதோடு ஈ முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இது நல்ல தூரம் பறக்கும் பூச்சி, ஒரு பெண் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக்கூடியது. எங்கோ ஒரு கம்போங்கில் ஒரு சிக்கு மரம் எப்போதும் பழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஒகினாவாவில் மலட்டு ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து விட்டு 1993-இல் பூசணி ஈயை ஒழித்தார்கள், இருபது வருட உழைப்பு. இங்கே பினாங்குப் பாலத்தில் தினமும் பழ லோரி போய் வருகிறது. நம்மால் முடிந்தது, நம் வேலிக்குள் பிறக்கும் ஈயை நிறுத்துவதும், வெளியிலிருந்து வருவதற்குப் பழம் கிடைக்காமல் செய்வதும்.

அதற்குப் பைதான். கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்ததும், தோல் கெட்டியாகப் பச்சையாக இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். மினுமினுப்பு ஏறிய பிறகு கட்டினால் முட்டையையும் சேர்த்து உள்ளே கட்டியதாகும். முதலில் நுரை வலை, அதன் மேல் பிளாஸ்டிக் பை. காம்பில் இறுக்கி, அடி மூலையில் தண்ணீர் வடியச் சின்னதாக ஒரு கீறல். ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோ காயை விட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். பழுக்கவிடாமல் முற்றிய பச்சையில் பறியுங்கள்.

பாட்டில் 24 வேண்டாம். நான்கு போதும், கொய்யாவைவிட்டுத் தள்ளி ஓரத்தில். வாரம் ஒரு முறை தெளிந்த இறக்கையை மட்டும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். எண் ஏறினால் தீனித் தெளிப்பைக் கூட்டுங்கள், பையில்லாத காயைத் தேடுங்கள். ஈ எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் பாட்டில். மெத்தில் யூஜினாலைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளையைத் தொடவும் விடாதீர்கள்.


மின்டன்_மாணவி
2 ஆகஸ்ட், காலை 9:05

அண்ணா, கறுப்புப் பைக்குப் பதிலாக ஹவாயில் செய்வதுபோல் சின்ன வலைக் கூடாரம் ஒன்றும் அமைக்கலாம். விழுந்த பழத்தை அதற்குள் போட வேண்டும். வலைக் கண் வழியாக ஈ வெளியே வர முடியாது, பெரியவர் சொன்ன பொடிக் குளவி மட்டும் நுழைந்து வெளியேறும். ஈ உள்ளேயே செத்துவிடும், குளவி தோட்டத்துக்குத் திரும்பும். கண் அளவு சரியாக இருக்க வேண்டும், கண் பெரிதாக இருந்தால் எல்லாம் வீண்.

அந்த வாளி ஈக்களைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் நான் வந்து பார்க்கலாமா? குளவி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ஆசை.


சுங்கைபாக்காப்_கொய்யா
3 ஆகஸ்ட், இரவு 8:10

தாராளமாக வாம்மா. வாளிகளை அப்படியே வைத்திருக்கிறேன். செத்துக் கிடக்கும் ஈக்களுக்கு நடுவே எறும்பைவிடச் சின்னதாக, நீண்ட மீசையோடு சில பூச்சிகளைப் பார்த்தேன். அதுதானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று சாயந்திரம் பாக்சிக் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாளியையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன், வாய் வார்த்தை மட்டும் போதாது என்று தோன்றியது. ஒன்றில் அவர் ஈ, ஒன்றில் என் ஈ. பட்டையைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகு நேரம் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் செம்பெடாக்கும் உள்ளே அழுகிப் போகிறது, அதற்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். பிஞ்சிலேயே சாக்குப் பை கட்டலாம், விழுந்ததைப் பொறுக்க வேண்டும் என்று இங்கே கற்றதைச் சொன்னேன். அவரிடம் முப்பது கோழி இருக்கிறது. கீழே இறங்கும் புழுவைக் கிளறித் தின்னும் என்று காலையில் என் கொய்யாவுக்குள் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். தீனித் தெளிப்பு அன்று மட்டும் கோழியை விடமாட்டோம்.

பெலிம்பிங்கை வெட்டவில்லை. நிலச் சொந்தக்காரர் அம்மா நட்ட மரமாம். 25 காய்க்குப் பை கட்டி, மிச்சத்தை இன்று முழுக்கக் கிள்ளினேன், விரலெல்லாம் கறை. ஜம்புவைக் கவாத்து செய்தாகிவிட்டது.


ஜூரு_மாங்கா
3 ஆகஸ்ட், இரவு 8:45

நானும் இன்று வீட்டைச் சுற்றி நடந்தேன். பின் சந்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கொய்யா, கீழே முழுக்க விழுந்து கிடக்கிறது. நாளைக்கு வாளி வைக்கிறேன்.


சுங்கைபாக்காப்_கொய்யா
14 செப்டம்பர், இரவு 9:15

கேட்டவர்களுக்காக ஒரு வரி. ஆகஸ்டில் கட்டிய முதல் 90 மரத்துப் பழம் இந்த வாரம் பறித்தோம். பை கட்டியதில் ஒவ்வொரு கூடையிலும் பத்துப் பத்துப் பழம் எடுத்து அறுத்துப் பார்த்தேன். புழு இருந்தது இரண்டே பழத்தில், இரண்டும் தாமதமாகக் கட்டிய வரிசை. பை கட்டாமல் விட்ட ஓர மரத்தில் இன்னும் பாதி கெடுகிறது. ஓரப் பாட்டில் நான்கிலும் சேர்த்துத் தெளிந்த இறக்கை போன வாரம் 58, அதற்கு முந்தைய வாரம் 83.

பை கட்ட ஆள் கூலிதான் இடிக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை பை கட்டுவார் என்று உங்கள் பக்கக் கணக்கு இருந்தால் யாராவது சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இன்னும் 40 மரம் பாக்கி, காய் எலுமிச்சை அளவை எட்டப் போகிறது.

மகள் நேற்று ஒரு பழத்தை அவளே அறுத்தாள். முதலில் இரண்டாக, அப்புறம் நான்காக, ஒவ்வொரு துண்டையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.


வால்டோர்_பெரியவர்
15 செப்டம்பர், காலை 6:35

பழகிய கையென்றால் காலையிலிருந்து மதியத்துக்குள் 400 கட்டும் தம்பி, புதுக் கை அதில் பாதி. பாக்சிக்கின் மகன் சும்மா இருந்தால் அவரையே கேளுங்கள். ஓர மரத்தை அடுத்த சுற்றில் முதலில் கட்டுங்கள்.